1985 அம்பாசடர் மார்க் 4: வெடித்துப்போன வயர் உறைகளை எந்த அளவுக்குச் சரிசெய்யலாம்?

தஞ்சை_மார்க்4

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1985ஆம் ஆண்டு புதிதாக வாங்கிய அம்பாசடர் மார்க் 4 பெட்ரோல் வண்டி இன்றும் எங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது. கோயில்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் செல்ல மாதத்தில் இரண்டு மூன்று முறை மட்டுமே அதை வெளியே எடுக்கிறோம். சென்ற மாதம் இரவில் திருவையாற்றிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது முகப்பு விளக்குகள் இரண்டும் ஒரு நொடி மங்கி, மீண்டும் எரிந்தன. சற்று நேரத்தில் டாஷ்போர்டின் அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. வண்டியை உடனே ஓரங்கட்டி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். முதலில் எலிதான் கடித்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் பகலில் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை.

மூன்று இடங்களில் வயர்கள் கெட்டிருக்கின்றன. இன்ஜின் அறைக்கும் உள்பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் உதிர்ந்துபோய், வயர்க் கட்டு தகட்டு விளிம்பிலேயே உரசிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு பழுப்பு வயரிலும் ஒரு நீல வயரிலும் செம்பு தெரிகிறது. மட்கார்டின் உட்புறமாக முகப்பு விளக்குகளுக்குச் செல்லும் கட்டில், உறைகள் வெயிலில் காய்ந்த வற்றலைப் போல இறுகிப்போய், சற்று வளைத்தாலே வெடிக்கின்றன. முன்பு யாரோ ஏர் ஹாரனுக்காகத் தனியாக இழுத்த வயர் ஒன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாயின்) மேல் சாய்ந்து உருகியிருக்கிறது.

ஊரிலுள்ள மின்பணியாளர் ஒருவர் எல்லா இடங்களிலும் கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் டேப் நழுவி, பசை மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னொருவர் முழு வயரிங்கையும் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். என் கேள்விகள் இவைதாம்: எந்த வயரைக் காப்பாற்றலாம், எதை மாற்ற வேண்டும்? டேப்புக்குப் பதிலாக எதைப் பயன்படுத்தலாம்? வீடு கட்டியபோது மீந்த 1 சதுர மி.மீ. வயர் ஒரு சுருள் இருக்கிறது. அதை இதற்குப் பயன்படுத்தலாமா?

கோவை_பழைய_எலக்ட்ரீஷியன்

வணக்கம் தம்பி. நீங்கள் மூன்று இடங்களையும் பிரித்துச் சொன்னது நல்லதாயிற்று, ஏனெனில் மூன்றுக்கும் காரணம் வேறு. ஆகையால் மருந்தும் வேறு. எலியைப் பற்றிய ஐயத்தை விட்டுவிடலாம். எலி கடித்த வயரில் பல் வரிகள் தெரியும், கீழே உறைத் துணுக்குகள் சிதறிக் கிடக்கும்.

அவசரமானது தகட்டுத் துளைதான். உங்கள் விளக்குகள் மங்கியதற்கு, செம்பு வெளியே தெரிந்த அந்த நீல வயர் வண்டியின் உடம்பைத் தொட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும். தொட்ட கணத்தில் மின்னோட்டம் விளக்குகளுக்குப் போகாமல் நேரே தகட்டில் இறங்கிவிடும். அதிர்வில் வயர் விலகியதும் விளக்கு மறுபடி எரியும். நீலத்தைவிடப் பழுப்பு ஆபத்தானது. அது பேட்டரியிலிருந்து ஃபியூஸ் எதுவும் இல்லாமல் வருவது. அது முழுதாகத் தகட்டில் படிந்தால் பேட்டரி சில நூறு ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொட்டிவிடும். கட்டிலுள்ள மற்ற வயர்களும் சேர்ந்து உருகிய பிறகுதான் அது நிற்கும். எனவே வேலை முடியும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள்.

துளை இருக்கும் இடத்தில் கட்டை அவிழ்த்து, வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். உறை ஒரே இடத்தில் மட்டும் தேய்ந்து, அதற்கு இருபுறமும் வயர் மென்மையாக இருந்தால், அந்த வயரைக் காப்பாற்றலாம். செம்பு இழைகள் அறுபடாமல், பளபளப்பாக இருக்க வேண்டும். வயரின் ஒரு முனையைக் கனெக்டரிலிருந்து கழற்ற முடிந்தால், அந்த வழியாக வெப்பத்தில் சுருங்கும் சிலீவை நுழைத்து, தேய்ந்த இடத்துக்கு இருபுறமும் குறைந்தது இரண்டு செ.மீ. மூடும்படி நிறுத்திச் சூடாக்குங்கள். 3.2 மி.மீ. என்று விற்கும் சாதாரண சிலீவ் முழுதாகச் சுருங்கினால் பாதியாக, அதாவது 1.6 மி.மீ. ஆகும், உங்கள் வயரின் வெளிவிட்டம் இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையில் இருந்தால்தான் இறுக்கமாகப் பிடிக்கும். கார்புரேட்டர் அருகில் லைட்டர் கொளுத்தி சிலீவைச் சுருக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வழக்கத்தை யாரும் பின்பற்ற வேண்டாம்; சூடான காற்று ஊதும் கருவியே போதும், அதற்கு முன் பெட்ரோல் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயரைச் சரிசெய்துவிட்டுத் துளையை அப்படியே விட்டால் ஆறு மாதத்தில் அதே இடம் மறுபடி தேயும். துளை விளிம்பை அரத்தால் மழுக்கி, பெயின்ட் தடவி, புதிய ரப்பர் வளையம் போடுங்கள். கட்டை வெளியே எடுக்க முடியாவிட்டால், வளையத்தை ஓர் இடத்தில் கீறி, கட்டைச் சுற்றி மாட்டி, கீறல் மேல்பக்கம் வருமாறு துளையில் பொருத்தலாம். வயர்க் கட்டின் எடை கீழ்ப்பக்கம்தான் அழுத்தும்.

ஹாரன் வயரை ஒட்டுப்போடவே கூடாது, பிடுங்கி எறியுங்கள். புதிய வயரை மேனிஃபோல்டிலிருந்து விலக்கி, மறுபக்கமாகக் கொண்டுசெல்லுங்கள். அதற்குத் தனி ஃபியூஸும் வேண்டும்.

மட்கார்டுக் கட்டைப் பொறுத்தவரை, முழு வயரிங்கையும் மாற்றச் சொன்னவர் பாதி சரி. இறுகி வெடிக்கும் வயருக்கு டேப்பும் வேண்டாம், சிலீவும் வேண்டாம். நீங்கள் மூடும் இடத்துக்கு அடுத்த இடத்தில் அது வெடிக்கும். அந்தக் கட்டை மட்டும், துளையிலிருந்து விளக்குகள்வரை, புதிதாகக் கட்டுங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் வெப்பமும் எண்ணெயும் இல்லாததால் அங்குள்ள வயர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பென்சிலைச் சுற்றி மெதுவாக வளைத்துப் பாருங்கள், வெடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

இணைப்புகளை நான் முறுக்கி ஈயப்பற்று வைத்து, மேலே சிலீவ் போடுவேன். பக்கத்து வயர்களின் இணைப்புகள் ஒரே இடத்தில் சேராமல் மூன்று நான்கு செ.மீ. தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

யாழ்_மைனர்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர் ஒன்றை வைத்திருக்கிறேன். அம்பாசடரின் மூலம் மொரிஸ் ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 3 என்பதால், இரண்டு வாகனங்களின் மின்கம்பி ஒழுங்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. ஐயா சொன்னவற்றில் ஒன்றை மட்டும் திருத்த விரும்புகிறேன். பற்றரியின் மறைமுனையை முதலில் கழற்ற வேண்டும் என்பது உங்கள் வாகனத்துக்குச் சரியாக இருக்கலாம். எனது மைனரில் உடலோடு இணைக்கப்பட்டிருப்பது நேர்முனை. ஆகவே எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறதோ அந்த முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றப்போய்த் திருகுசாவி (ஸ்பானர்) உடலில் பட்டால், பற்றரியே அந்தத் திருகுசாவியினூடாகக் குறுக்குச் சுற்றாகிவிடும். இதை வாசிக்கும் பழைய பிரித்தானிய வாகனக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது நிறங்கள். இவ்வாகனங்களின் மின்பாகங்களைச் செய்த பிரித்தானிய நிறுவனமான லூக்காஸின் முறையில் பழுப்பு என்பது பற்றரியிலிருந்து உருகி (ஃபியூஸ்) இல்லாமல் வருவது. வெள்ளை, சாவி போட்டபின் உயிர்பெறுவது. அதற்கும் உருகி இல்லை. பச்சை, சாவிக்குப் பிறகு உருகியினூடாக வருவது. ஊதா, உருகியினூடாக எப்போதும் உயிரோடு இருப்பது. சிவப்பு சிறு விளக்குகளுக்கும் பின் விளக்குகளுக்கும் உரியது, நீலம் முகப்பு விளக்குக்கு, கறுப்பு உடலிணைப்புக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் உயர் ஒளி, சிவப்புக் கோடு இருந்தால் தாழ் ஒளி. நாற்பது வருட அழுக்கில் எல்லாமே ஒரு நிறமாகத்தான் தெரியும். ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தால் கோடு தெரியவரும். புதிய கட்டையும் அதே நிறங்களில் கட்டுங்கள். கடையில் கிடைத்த ஒரே சிவப்புச் சுருளை வாங்கி எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால், பத்து வருடம் கழித்து வாகனத்தைத் திறப்பவர் உங்களைத் திட்டுவார். அநேகமாக அந்த ஆள் நீங்களாகவே இருப்பீர்கள்.

எனது மைனரில் மொத்தமே இரண்டு உருகிகள்தான். முகப்பு விளக்குகளுக்கு உருகியே இல்லை. உங்களுடையதில் எப்படியென்று தேடிப் பாருங்கள்; நீல வயர் தகட்டில் பட்டும் எந்த உருகியும் எரியவில்லையென்றால் விடை ஏறக்குறைய தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்துப் பழைய வாகனங்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. வயர்களின் மேலிருந்த பருத்தி நூல் பின்னலில் மண்ணெண்ணெய் ஊறிப்போய், அதன்மேல் தூசி படிந்து, எனது வாகனத்தின் இயந்திர அறைக் கட்டு தாரில் தோய்த்த கயிறு போலத்தான் கிடந்தது. அதை நான் திருத்த முயலவில்லை, முழுவதையும் மாற்றினேன்.

செம்புக்கம்பி

வணக்கம். நான் வயர் உற்பத்தித் துறையில் பொறியாளராக இருக்கிறேன். ஆகவே வயரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பி.வி.சி. இயல்பில் கடினமான பொருள். அதில் மென்மையூட்டும் எண்ணெய் போன்ற சேர்மங்களைக் கலந்துதான் வளையும் உறையாக ஆக்குகிறார்கள். இன்ஜின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது அந்தச் சேர்மங்கள் மெல்ல வெளியேறிவிடுகின்றன. மிஞ்சுவது அந்தக் கடினமான பொருள். நீங்கள் கண்ட வற்றல் அதுதான். வெளியேறியதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. கிளிசரின் தடவினால் மென்மையாகும் என்று சிலர் சொல்வதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வீட்டு வயரைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. உங்கள் சுருளிலுள்ள 1 சதுர மி.மீ. வயர் பெரும்பாலும் 0.3 மி.மீ. தடிப்புள்ள 14 இழைகள் கொண்டதாக இருக்கும். பழைய லூகாஸ் வயரிலும் அதே 14 இழைகள்தாம். செம்பில் குறையில்லை. வேறுபாடு உறையில் இருக்கிறது. வீட்டு வயரின் சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. பெட்ரோலும் எண்ணெயும் படும் இடத்துக்கு அது உரியதன்று. வாகன வயருக்கு ஐ.எஸ். 2465 என்று தனித் தரம் இருக்கிறது. இன்ஜின் அறைக்குக் குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் உறையுள்ள வாகன வயர் கிடைத்தால் அதுவே நல்லது. 125 டிகிரி வரை தாங்கும் வகைகள் உண்டு. சென்னை வந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரியுங்கள். சிலீவ், கிரிம்பிங் கருவி (வயர் முனைகளை உலோகக் குழலுக்குள் வைத்து அழுத்தி இணைக்கும் கருவி) போன்றவை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

முகப்பு விளக்குக்கு அந்த 1 சதுர மி.மீ. தடிமனும் போதாது. இன்று கடையில் வாங்கும் எச்4 பல்பு 60/55 வாட். தாழ் ஒளியில் இரண்டு பல்புகளும் சேர்ந்து ஒன்பது ஆம்பியருக்குச் சற்று மேலாக இழுக்கும். பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு வந்து விளக்குக்குப் போக ஆறு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 சதுர மி.மீ. செம்பில் ஏறத்தாழ 0.1 ஓம் தடை. அதாவது ஒரு வோல்ட் வயரிலேயே தொலைந்துபோகும். 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் இழை பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ கால் பங்கு குறையும். 28 இழைகள் கொண்ட 2 சதுர மி.மீ. வயர் போட்டால் அந்த இழப்பு பாதியாகும். ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச், வைத்தால் இன்னும் நல்லது. அதன் முனைகளில் எண்கள் இருக்கும்: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30 என்ற முனைக்கு, 87இலிருந்து விளக்குக்கு, பழைய நீல வயர் 86இல் சேரட்டும், 85ஐ உடம்போடு இணையுங்கள். பழைய வயரிலும் சுவிட்சிலும் ரிலேச் சுருளுக்கான சிறு மின்னோட்டம் மட்டுமே ஓடும், இதுவரை இல்லாத ஃபியூஸும் வந்து சேரும். உயர் ஒளிக்கு ஒன்று, தாழ் ஒளிக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அந்த ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் இருக்க முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும், ஏனெனில் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட வயரை எதுவும் காப்பதில்லை.

கண்ணாடி ஃபியூஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர்தான். இன்றைய ஃபியூஸ்களில் தொடர்ந்து தாங்கும் அளவையே எழுதுகிறார்கள். எண்ணைப் பார்த்து 35 ஆம்பியர் புது ஃபியூஸ் போட்டால், ஃபியூஸுக்கு முன் வயர் எரியும்.

ஈயப்பற்று விஷயத்தில் ஐயாவோடு உடன்பட முடியவில்லை. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி உறைக்கு அடியில் கொஞ்ச தூரம் ஏறிவிடுகிறது. அங்கே வயர் கம்பிபோல் விறைக்கும், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வினால் இழைகள் முறியும். தவிரவும், உள்ளே கறுத்துப்போன பழைய செம்பில் ஈயம் ஒட்டாது. சரியான கருவியால் கிரிம்ப் செய்து, உட்புறம் பசையுள்ள சிலீவால் மூடுவதே இன்றைய தொழிற்சாலை வழக்கம்.

கோவை_பழைய_எலக்ட்ரீஷியன்

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன திருத்தம் மிகச் சரி. நான் கோவை வண்டிகளை மட்டும் நினைத்து எழுதிவிட்டேன். கிரிம்ப் பற்றிப் பொறியாளர் சொல்வதையும் மறுக்கவில்லை, ஆனால் சரியான கருவி என்ற சொல்லுக்கு அவர் அடிக்கோடிட வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டு அதைக் கிரிம்ப் என்று சொல்பவர்களால் நின்றுபோன வண்டிகளை நான் எத்தனையோ முறை தள்ளியிருக்கிறேன். கருவி இல்லாதவர் ஈயம் வைக்கட்டும். வைத்தபின் இருபுறமும் வயர் ஆடாதவாறு கட்டோடு சேர்த்துக் கட்டட்டும். செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான இடம் வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது இரண்டு முறைக்கும் பொது.

டேப்பைப் பற்றிச் சொல்ல மறந்தேன். இன்ஜின் அறையில் சாதாரண பி.வி.சி. டேப்பின் பசை இளகும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். கட்டின் மேல் சுற்றுவதற்கு, வாகன வயரிங்குக்கென்றே விற்கும் துணி டேப்பை வாங்குங்கள். கனெக்டரைக் கழற்ற முடியாத இடத்தில் மட்டும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப்பை இழுத்து, பாதிக்குப் பாதி மேல்படியச் சுற்றலாம். அது உரசலைத் தாங்காது, மேலே ஒரு குழாய் உறை வேண்டும்.

கட்டி முடித்ததும் பேட்டரியை நேரடியாக இணைத்துவிடாதீர்கள். பேட்டரி முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை வைத்துச் சோதியுங்கள். எங்கேனும் வயர் உடம்பில் பட்டிருந்தால் பல்பு எரியும், அவ்வளவுதான். இரண்டு ஆம்பியருக்கு மேல் எதுவும் ஓடாது.

தஞ்சை_மார்க்4

மூவருக்கும் நன்றி. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையை முடித்தேன். துளைக்குப் புது ரப்பர் வளையம் போட்டு, பழுப்பு வயருக்கு சிலீவ் மாட்டினேன். மட்கார்டுக் கட்டு முழுவதும் 2 சதுர மி.மீ. வாகன வயரால், பழைய நிறங்களிலேயே கட்டப்பட்டது. வெள்ளைக் கோடுள்ள நீலம் கிடைக்காததால் முனைகளில் வெள்ளை சிலீவ் துண்டு போட்டு அடையாளம் வைத்தேன். ரிலேக்களை இன்னும் வாங்கவில்லை.

ஐயா சொன்னபடி 21 வாட் பல்பை வைத்துப் பார்த்தேன். எல்லா சுவிட்சுகளும் அணைந்திருக்கையில் பல்பு எரியவில்லை. முகப்பு விளக்கு சுவிட்சைப் போட்டதும் சோதனைப் பல்பு முழு வெளிச்சத்தில் எரிகிறது, முகப்பு விளக்குகள் எரியவே இல்லை. புதிதாகக் கட்டிய கட்டிலேயே ஷார்ட் இருக்கிறதா?

கோவை_பழைய_எலக்ட்ரீஷியன்

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தச் சோதனை அதைச் சொல்லாது. முகப்பு பல்புகள் இரண்டும் சேர்ந்து 110 வாட். அவற்றின் இழை, அதுவும் குளிர்ந்திருக்கும்போது, உங்கள் 21 வாட் பல்பின் கண்ணுக்கு வெறும் வயர் மாதிரிதான். இரண்டையும் வரிசையாக இணைத்தால் சிறிய பல்புதான் எரியும், பெரியவை எரியாது. முகப்பு பல்புகள் இரண்டையும், அதே சுவிட்சில் சேர்ந்து எரியும் மற்ற பல்புகளையும் கழற்றிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அப்போது சோதனைப் பல்பு அணைந்தால் கட்டு சுத்தம். அப்போதும் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. யாராவது ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் கட்டை ஒரு முனையிலிருந்து மெதுவாக அசைத்துக்கொண்டே வாருங்கள். பல்பு துடிக்கும் இடத்தில் கையை நிறுத்துங்கள்.

தஞ்சை_மார்க்4

நீங்கள் சொன்ன பல்புகளையெல்லாம் கழற்றினேன். சோதனைப் பல்பு அணையவில்லை. மகனைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கட்டை அசைத்துக்கொண்டு போனதில், இடது முகப்பு விளக்குக் கிண்ணத்தின் பின்னால் பல்பு துடித்தது. கிண்ணத்தை மாட்டும்போது, புது நீல வயரைத் திருகுக்கு அடியில் நானே நசுக்கியிருக்கிறேன். பல்பு மட்டும் நடுவில் இல்லாதிருந்தால், இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலையும் அங்கேயே கருகியிருக்கும். திருகைக் கழற்றி வயரை விலக்கியதும் பல்பு அணைந்தது. நசுங்கிய இடத்தை வெட்டி, கிரிம்ப் செய்து மூடிவிட்டேன். வலது கிண்ணத்தையும் ஒருமுறை கழற்றிப் பார்த்தேன். அங்கே வயர் திருகிலிருந்து ஒரு விரல் தள்ளியே இருக்கிறது.